புகையை விடுவது ஏன் கடினம்? – ஓர் ஆய்வு

(மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

முன்னுரை

எங்கள் பெரியப்பா ஒவ்வோர் ஆண்டும் தை முதல் நாள் ஒரு சபதம் செய்வார். பொங்கல் பானையை இறக்கியதும் மடியிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, “இன்றோடு சரி” என்பார். நான் ஏழாம் வகுப்புப் படித்த ஆண்டில் அந்தச் சபதம் நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் வைக்கோற்போருக்குப் பின்னால் நின்று அவர் புகைத்துக்கொண்டிருந்ததை நான்தான் கண்டேன். கண்டவன் சும்மா இருக்கவில்லை. வீட்டார் அனைவரும் பந்தியில் அமர்ந்திருந்தபோது, “பெரியப்பாவின் சபதம் நாலு நாள் சபதம்” என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தனர், பெரியப்பாவும் சிரித்தார். மறு பொங்கலில் அவர் பீடிக்கட்டை அடுப்பில் போடவில்லை. அதன்பின் எந்தப் பொங்கலிலும் போடவில்லை.

புகைப்பதை விட முயன்று தோற்றவரை நாம் “நெஞ்சுறுதி இல்லாதவர்” என்கிறோம். பழக்கம் தானே, விட நினைத்தால் விட்டுவிடலாமே என்கிறோம். இந்தத் தீர்ப்பு சரிதானா? சென்ற முக்கால் நூற்றாண்டில் மேனாட்டு அறிஞர்கள் செய்த ஆய்வுகள் இதற்கு என்ன விடை தருகின்றன? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். புகையிலையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை, கூற இயலாது. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய புகையிலை, போர்த்துகீசியர் வாயிலாகவே நம் நாட்டிற்கு வந்தது. வந்து சில நூற்றாண்டுகளே ஆன ஒரு செடி இத்தனை பேரை எங்ஙனம் பிடித்துக்கொண்டது என்பதே வியப்பு.

புகை கொல்லும் என்று அறிந்த வரலாறு

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் நுரையீரல் புற்றுநோய் பெருகியது. காரணம் என்ன? மோட்டார் வண்டிகளின் புகையா, சாலைக்கு இடும் தாரா என்றுதான் முதலில் ஐயுற்றனர். ரிச்சர்ட் டால், பிராட்போர்டு ஹில் ஆகிய இருவரும் இலண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளர் 709 பேரையும், பிற நோயாளர் 709 பேரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். 1950இல் வெளிவந்த அந்த ஆய்வு குற்றவாளியைச் சுட்டிக்காட்டியது: சிகரெட். டால் அவர்களே அக்காலத்தில் புகைப்பவர். தம் ஆய்வு முடியுமுன்னரே அதனை விட்டுவிட்டார்.

அடுத்து 1951இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் அனைவருக்கும் அவர்கள் கடிதம் எழுதினர். விடையளித்த ஆண் மருத்துவர் 34,439 பேரின் வாழ்வும் சாவும் 50 ஆண்டுகள் தொடர்ந்து பதியப்பட்டன. முடிவு 2004இல் வெளிவந்தது. இடைவிடாது சிகரெட் புகைத்தவர், புகைக்காதவரைவிடச் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறந்தனர். இவ்வளவில் ஆய்வு நின்றிருந்தால் அது அச்சுறுத்தும் செய்தி மட்டுமே. ஆனால் அது இன்னொன்றும் கூறியது. 60 வயதில் விட்டவர் ஏறத்தாழ 3 ஆண்டுகளையும், 50இல் விட்டவர் 6 ஆண்டுகளையும், 40இல் விட்டவர் 9 ஆண்டுகளையும் மீட்டுக்கொண்டனர். 30 வயதிலேயே விட்டவர் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் பெரும்பாலும் மீட்டுக்கொண்டனர். “இனிமேல் விட்டு என்ன பயன்?” என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

பழக்கமா, அடிமைத்தனமா?

தீங்கு என்று தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? இங்கேதான் இரண்டாவது ஆராய்ச்சி தொடங்குகிறது.

லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1942ஆம் ஆண்டிலேயே ஒரு துணிச்சலான சோதனையை வெளியிட்டார். புகையிலையிலுள்ள நிகோடின் என்னும் பொருளைத் தமக்கும் பிறர் சிலருக்கும் ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். புகைப்பவர்களுக்கு அந்த ஊசி இன்பமாக இருந்தது. எண்பது ஊசிகள் போட்டுக்கொண்டபின் அவருக்குச் சிகரெட்டைவிட ஊசியே பிடித்துப்போயிற்று. ஊசி இல்லாதபோது ஏக்கமும் வந்தது. அப்படியானால் மக்கள் தேடுவது புகையை அன்று. நிகோடினையே என்று அவர் கூறினார். அவர் கூற்றை அன்று ஏற்றவர் சிலரே.

1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் புகழ்பெற்ற அறிக்கை வந்தது. சிகரெட் புற்றுநோய்க்குக் காரணம் என்று அது உறுதியாகக் கூறியது. ஆயினும் புகைத்தலை அது ‘பழக்கம்’ என்று வகைப்படுத்தியதே அன்றி, ‘அடிமைத்தனம்’ என்று கூறவில்லை. இந்த ஒரு சொல்லின் வேறுபாடு சிறியதன்று. பழக்கம் என்றால் விடாதவன் குற்றவாளி. அடிமைத்தனம் என்றால் அவன் நோயாளி. குற்றவாளிக்கு அறிவுரை போதும். நோயாளிக்கு மருத்துவம் வேண்டும்.

1971இல் ஹண்ட் என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு வரைபடத்தை வெளியிட்டனர். மருத்துவம் பெற்று ஹெராயினை விட்டவர், மதுவை விட்டவர், புகையை விட்டவர் ஆகிய மூவகையினரும் எத்தனை நாளில் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பினர் என்பதை மூன்று கோடுகளாக வரைந்தனர். மூன்றும் ஏறக்குறைய ஒரே கோடு! விட்டவரில் பெரும்பகுதியினர் முதல் மூன்று மாதங்களுக்குள் வீழ்ந்துவிடுகின்றனர்; அதன்பின் கோடு மெல்லச் சமன்படுகிறது. ஹெராயினுக்கு அடிமையானவனைக் கண்டு அஞ்சும் நாம், அதே கோட்டில் நிற்கும் பீடிக்காரரைக் கண்டு நகைக்கிறோம்.

அதே காலத்தில் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையைச் சார்ந்த மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல், புகைத்தல் ஓர் அடிமை நோயே என்று வாதிட்டு, அதனை அளந்து ஆராயத் தொடங்கினார். மக்கள் நிகோடினுக்காகப் புகைக்கின்றனர், ஆனால் அவர்களைக் கொல்வது புகையிலுள்ள தார் என்பது 1976இல் அவர் வெளியிட்ட கருத்து. இறுதியில் 1988ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கையே, சிகரெட் அடிமைப்படுத்துவது என்றும், அதன் வழிமுறை ஹெராயின், கொக்கெயின் ஆகியவற்றின் வழிமுறையை ஒத்தது என்றும் அறிவித்தது. ‘பழக்கம்’ என்ற சொல் ‘அடிமைத்தனம்’ என்று மாற 24 ஆண்டுகள் ஆயின.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

விலங்கியல் மாணவராகிய நாம் நரம்புச் செல்களைப் பற்றிப் படித்திருக்கிறோம். ஒரு நரம்புச் செல்லிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டு செல்லும் பொருள்களில் ஒன்று அசெட்டைல்கோலின். அதனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பூட்டுப் போன்றவை. அசெட்டைல்கோலின் அதற்குரிய சாவி. நிகோடின் கள்ளச்சாவி. அது அந்தப் பூட்டுகளில் ஒரு வகையில் பொருந்திவிடுகிறது.

புகையை உள்ளிழுத்த பத்துப் பதினைந்து விநாடிகளில் நிகோடின் மூளையை அடைகிறது. அங்கே டோபமின் என்னும் பொருளைச் சுரக்கச் செய்கிறது. பசித்தவன் உண்ணும்போதும் இதே பொருள்தான் சுரந்து, ‘இதனை மீண்டும் செய்’ என்று மூளைக்குக் கற்பிக்கிறது. நாளொன்றுக்கு இருபது பீடி, ஒரு பீடிக்குப் பத்து இழுப்பு என்று கொண்டால், ஒரே நாளில் இருநூறு முறை இந்தப் பாடம் நடத்தப்படுகிறது. எந்த ஆசிரியரும் எந்தப் பாடத்தையும் இவ்வளவு முறை நடத்தியதில்லை!

இரத்தத்திலுள்ள நிகோடின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். இரவு உறங்கி எழும்போது அது மிகக் குறைந்திருக்கும். தொடர்ந்து புகைப்பவர் மூளையிலோ ஏற்பிகளின் எண்ணிக்கையும் கூடியிருக்கும். சாவியில்லாத பூட்டுகள் அத்தனையும் சாவி கேட்கின்றன. அதனால் எரிச்சல், அமைதியின்மை, கவனக்குறைவு, மனச்சோர்வு, உறக்கமின்மை, மிகுந்த பசி ஆகியவை தோன்றுகின்றன. இத்துன்பங்கள் விட்ட முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, பெரும்பாலோர்க்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன.

இப்பகுதியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். பெரியப்பா வீழ்ந்தது ஐந்தாம் நாள். மலையின் மிகச் செங்குத்தான இடத்தில், கைகொடுப்பார் ஒருவருமின்றி வீழ்ந்த மனிதரைப் பார்த்து நான் நகைத்திருக்கிறேன்.

உடலின் வேட்கை தணிந்த பின்னும் இன்னொன்று எஞ்சியிருக்கும். பாவ்லாவின் நாய் மணியோசை கேட்டு எச்சில் ஊறியதை நாம் அறிவோம். புகைப்பவருக்குத் தேநீர்க் கோப்பை ஒரு மணியோசை. உணவு முடிந்து கை கழுவுவது ஒரு மணியோசை. பேருந்து நிலையத்தில் நண்பன் தீக்குச்சி கிழிக்கும் ஒலி ஒரு மணியோசை. மாதங்கள் கழிந்த பின்னும் அந்த ஒலி கேட்டால் வேட்கை எழும். ஆனால் எழுகின்ற அந்த அலை சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். ஒரு குவளை நீர் பருகுவது, இடத்தை விட்டு எழுந்து நடப்பது, வேறொருவருடன் பேச்சுக் கொடுப்பது என்று மருத்துவர்கள் கூறும் எளிய வழிகள் எல்லாம் அச்சில நிமிடங்களைக் கடப்பதற்கே.

நீர்மூழ்கிக் கப்பல் தந்த மருந்து

ஆய்வின் பயனாக ஒரு மருந்தும் பிறந்தது. அதன் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களில் கடலடியில் இருக்கும்போது புகைக்க முடியாது. அந்நாட்களில் மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு சமாளித்தனர். இதனைக் கவனித்த லுண்டு நகரத்து ஆய்வாளர் கிளாஸ் லுண்ட்கிரென், 1967இல் மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய தம் நண்பர் ஓவ் ஃபெர்னோவுக்குக் கடிதம் எழுதினார். புகையின்றி நிகோடினை மட்டும் கொடுத்தால் மக்கள் புகையை விட முடியுமா என்பது கேள்வி.

ஃபெர்னோவும் நிறையப் புகைப்பவர். எனவே கேள்வி அவருக்கு உடனே விளங்கிற்று. மாத்திரையாக விழுங்கினால் நிகோடினின் பெரும்பகுதியைக் கல்லீரல் சிதைத்துவிடும். ஆகவே அதனைச் சூயிங்கத்தில் வைத்து, மெல்ல மெல்ல வாயின் உட்புறத் தோல் வழியே இரத்தத்தில் சேருமாறு செய்தனர். 1978இல் சுவிட்சர்லாந்து இதனை மருந்தாக ஏற்றது. 1984இல் அமெரிக்காவும் ஏற்றது.

ரஸ்ஸலின் குழுவினர் இதனை முறைப்படி சோதித்து 1982இல் முடிவை வெளியிட்டனர். 116 பேரில் பாதிப்பேருக்கு மருந்துச் சூயிங்கமும், மறுபாதிப்பேருக்குப் பெயரளவுக்கு மட்டும் நிகோடின் உள்ள போலிச் சூயிங்கமும் தந்தனர். யாருக்கு எது என்பது பெற்றவருக்குத் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மருந்து பெற்றவரில் 100க்கு 47 பேரும், போலி பெற்றவரில் 100க்கு 21 பேரும் புகைக்காதிருந்தனர். மருத்துவமனைக்குத் தேடி வந்து தொடர்ந்து ஆதரவு பெற்றவர்கள் ஆதலால் இரு தொகையும் உயர்ந்திருந்தன. அதன்பின் பல நாடுகளில் பல்லாயிரவரிடம் நடந்த சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், இத்தகைய நிகோடின் மருந்துகள் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. 2009இல் உலக சுகாதார நிறுவனம் இவற்றை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்பவற்றை மருத்துவரிடம் கேட்டே கொள்ளவேண்டும்.

ஒரு சொல்லின் பயன்

மருந்து கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இதற்கும் ரஸ்ஸல் ஒரு சோதனை செய்தார். என் நோக்கில் அவருடைய ஆய்வுகளிலேயே மிகச் சிறந்தது இதுதான்.

இலண்டனில் 28 குடும்ப மருத்துவர்களிடம் நான்கு வாரங்களில் வேறு வேறு நோய்களுக்காக வந்த புகைப்பவர் 2,138 பேரை நான்கு பிரிவாக்கினர். முதற் பிரிவினரிடம் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் பிரிவினரிடம் அவர்களுடைய புகைப்பழக்கத்தைப் பற்றி வினாத்தாள் மட்டும் தந்தனர். மூன்றாம் பிரிவினரிடம் மருத்துவர் ஓரிரு நிமிடம், “புகைப்பதை விட்டுவிடுங்கள்” என்று எடுத்துரைத்தார். நான்காம் பிரிவினருக்கு அவ்வறிவுரையுடன் ஒரு துண்டுப் பிரசுரமும் தந்து, “விட்டீர்களா என்று பின்னர் விசாரிப்போம்” என்றும் சொல்லியனுப்பினர்.

முதல் மாதத்திலேயே விட்டு, ஓராண்டு கழித்தும் புகைக்காதிருந்தவர் முறையே 100க்கு 0.3, 1.6, 3.3, 5.1 பேர். இம்முடிவு 1979இல் வெளிவந்தது.

100க்கு ஐந்து பேர்தானா என்று தோன்றலாம். ஆனால் ஒன்றும் பேசாத பிரிவினரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடப் பேச்சு, ஒரு தாள், ‘உன்னை மறக்கமாட்டோம்’ என்ற ஓர் உறுதி. செலவு ஏதுமில்லை. நாட்டிலுள்ள குடும்ப மருத்துவர் அனைவரும் இதனைச் செய்தால், பிரிட்டனில் ஆண்டுக்கு ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் புகையை விடுவர் என்று ரஸ்ஸல் கணக்கிட்டுக் காட்டினார்.

இன்னொன்றையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும். துணையேதுமின்றித் தாமே விட முயல்பவரில், ஒரு முயற்சியில் நிலைத்து வெல்பவர் 100க்கு 3 முதல் 5 பேரே. ஆகவே ஒருவர் தோற்பது விதிவிலக்கன்று, அதுவே பெரும்பான்மை. இறுதியில் வென்றவர்களில் பெரும்பாலோர் பலமுறை தோற்றவர்களே. மிதிவண்டி பழகுபவன் விழுவதைப் போன்றது அது. விழுந்தவனை நோக்கி நகைத்தால் அவன் வண்டியைத் தொடவே மாட்டான்.

நம் நாட்டு நிலை

மேற்கூறியவை இலண்டன் செய்திகள் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பீடி சிறியது, நாட்டு இலையில் சுற்றியது, எனவே தீங்கு குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மை வேறு. பீடி அணையாதிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். அதனால் தாரும் நிகோடினும் சிகரெட்டுக்குக் குறையாமல் உள்ளே செல்கின்றன.

சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த ஏறத்தாழ 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிருடனிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்ட பேராய்வு 2003இல் வெளிவந்தது. சென்னையைச் சார்ந்த டாக்டர் வெந்தன் கஜலட்சுமி முன்னின்று நடத்திய இவ்வாய்வில், டாலின் நெடுநாள் துணைவரான ரிச்சர்ட் பீட்டோவும் பங்கேற்றார். புகைத்தவர் காசநோயால் இறப்பது, புகைக்காதவரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் மிகுந்திருந்தது. மேனாட்டில் புற்றுநோய் வழியே கொல்லும் புகை, நம் நாட்டில் காசநோய் வழியேயும் கொல்கிறது.

உதவியும் நம்மிடம் உண்டு. 2002இல் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் இந்திய அரசு புகையிலை விடுவிப்பு மருத்துவ மையங்களைத் தொடங்கியபோது, சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. 2008 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கும் விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. 2016இல் கட்டணமில்லாத் தொலைபேசி ஆலோசனையும் தொடங்கப்பெற்றது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால், புகைத்தல் வெறும் பழக்கமன்று, நிகோடினுக்கு மூளை அடிமையாதலே என்பதும், விட முயன்று தோற்பது நெஞ்சுறுதியின்மைக்குச் சான்றாகாது என்பதும், எந்த வயதில் விட்டாலும் பயனுண்டு என்பதும், மருந்தும் அன்பான ஒரு சொல்லும் வெற்றி வாய்ப்பைக் கூட்டும் என்பதும் விளங்கும். நம் விடுதியிலும் எதிர்த் தேநீர்க் கடையிலும் புகைக்கும் நண்பர்கள் உள்ளனர். அவர்களை இகழவேண்டா, “எப்போது விடப்போகிறாய்? நானும் உடனிருக்கிறேன்” என்று கேளுங்கள். பின்னர் மறவாமல் விசாரியுங்கள். முப்பது வயதுக்குமுன் விட்டால் ஏறக்குறைய எதையும் இழப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள்.

சென்ற தீபாவளி விடுமுறையில் நான் பெரியப்பாவிடம் சென்றேன். அவருக்கு இப்போது 57 வயது. சுவீடன் நாட்டு உளவியலார் ஃபாகர்ஸ்ட்ரோம் என்பவர் 1978இல் வகுத்த வினாக்களுள் ஒன்றை அவரிடம் கேட்டேன். அடிமைத்தனத்தின் ஆழத்தை அளக்க இன்றும் பயன்படும் வினா அது. “காலையில் எழுந்து எவ்வளவு நேரத்துக்குள் முதல் பீடி பெரியப்பா?”

“கண் விழிக்கிறதுக்கு முன்னாலேயே கை தேடும், தம்பி” என்றார்.

ஐந்தாம் நாளைப் பற்றிச் சொன்னேன். அன்று அவர் வீழ்ந்தது அவர் குற்றமன்று, பந்தியில் நான் நகைத்ததே குற்றம் என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்தக் கப்பல்காரங்க கதையை இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது பொங்கல் கழிந்திருக்கும். அவர் பீடிக்கட்டை அடுப்பில் போடுவாரா, போட்டால் எத்தனை நாள் நிற்கும் என்பதை நான் அறியேன். ஒன்று மட்டும் உறுதி. ஐந்தாம் நாள் நான் அவர் அருகில் இருப்பேன். அன்றும் அவர் தோற்றால், அடுத்த சபதம் என்றைக்கு என்று கேட்பேன்.